சீனப் பெருஞ்சுவரில் எந்தப் பகுதிக்குப் போவது? பாதாலிங், மூதியான்யூ, ஜின்ஷான்லிங்: ஓர் ஒப்பீடு

பெய்ஜிங்கில் நான்கைந்து நாள் தங்குவோர் ஒரு முழு நாளைப் பெருஞ்சுவருக்கென ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் சுவரின் எந்தப் பகுதிக்குப் போவது என்னும் முடிவைப் பயண முகவரிடமே விட்டுவிடுகிறார்கள். மிங் வம்சத்தார் (14 முதல் 17ஆம் நூற்றாண்டு வரை சீனாவை ஆண்டவர்கள்) கட்டிய சுவர் மட்டுமே ஏறத்தாழ 8,850 கிலோமீட்டர் நீளம் என 2009இல் வெளியான அளவீடு கூறுகிறது. இவ்வளவு நீளமான ஒன்று எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்க முடியாது. பெய்ஜிங்கிலிருந்து ஒரே நாளில் போய்வர எண்ணுவோருக்குப் பாதாலிங், மூதியான்யூ, ஜின்ஷான்லிங் ஆகிய மூன்றுக்கும் இடையேதான் பெரும்பாலும் போட்டி. என் தேர்வு ஜின்ஷான்லிங்; ஆனால் வயதான பெற்றோருடன் போகிறவரிடம் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பாதாலிங்கைப் பற்றிப் பலரும் முகம் சுளித்தே எழுதுகிறார்கள். கூட்டம் மிகுதி என்பது உண்மைதான். 2019 ஜூன் முதல் நாளொன்றுக்கு 65,000 பேருக்கு மேல் அனுமதியில்லை என்று வரம்பு விதித்ததிலிருந்தே நெரிசலின் அளவைப் புரிந்துகொள்ளலாம். 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் வந்து நின்ற இடமும் இதுதான் என்பதால், உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் பெருஞ்சுவர் என்றவுடன் நினைவுக்கு வரும் படம் பெரும்பாலும் இந்தப் பகுதியினுடையதே. ஆயினும் இதற்கு ஒரு வலுவான சாதகம் உண்டு. 2019 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட அதிவேக ரயில் பாதையில் தரைக்குக் கீழே சுமார் 102 மீட்டர் ஆழத்தில் ஒரு நிலையம் அமைத்திருப்பதால், நகரிலிருந்து ஏறக்குறைய அரை மணி நேரத்தில் சுவரின் அடிவாரத்தை அடைந்துவிடலாம். மற்ற இரண்டு இடங்களுக்கும் இந்த வசதி கிடையாது. சுவர் மிக நன்றாகச் சீரமைக்கப்பட்டு, அகலமாகவும் கைப்பிடிகளுடனும் இருக்கிறது. மேலே போக ரோப் காரும் உண்டு. வடக்குப் பக்கத்தின் 8ஆவது கோபுரத்தை நோக்கியே பெருங்கூட்டம் ஏறுவதால், தெற்குப் பக்கம் திரும்பினால் சற்று மூச்சு விடலாம். பழமையைத் தேடிப் போகிறவருக்கு மட்டும் இங்கே ஏமாற்றம் நிச்சயம்.

மூதியான்யூ நகரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில், சாலைவழி ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. அடர்ந்த காட்டுக்கு நடுவே முகட்டில் ஓடும் இந்தச் சுவரில் இருபுறமும் ஞாயில்கள் (மறைந்து நின்று எய்வதற்கான, பல்வரிசை போன்ற மதில் விளிம்பு) இருப்பது இதன் தனிச்சிறப்பு. பிற பகுதிகள் பலவற்றில் பகைவர் வரும் பக்கம் மட்டுமே அவை இருக்கும். சீரமைப்பு இங்கும் முழுமையானதே என்றாலும், கூட்டம் பாதாலிங்கைவிடக் குறைவு. மேலே போக இரண்டு வழிகள் உள்ளன: தொங்கு நாற்காலி 6ஆவது கோபுரத்துக்கும், மூடிய ரோப் கார் 14ஆவது கோபுரத்துக்கும் ஏற்றிவிடும். 6ஆவது கோபுரத்தின் அருகிலிருந்து உலோகத் தடத்தில் சறுக்கு வண்டியில் இறங்கலாம். 2014இல் மிஷெல் ஒபாமா இறங்கியதும் இப்படித்தான். சீட்டு வாங்கும்போதுதான் கவனம் வேண்டும். ரோப் காரையும் சறுக்கு வண்டியையும் நடத்துவோர் வெவ்வேறு நிறுவனத்தார் என்பதால், ரோப் காருக்கு இருவழிச் சீட்டு வாங்கியவர் சறுக்கு வண்டியில் இறங்க ஆசைப்பட்டால் மறுபடியும் காசு கொடுக்க வேண்டும். குழந்தைகளுடன் போகிறவர்களுக்கு மூதியான்யூதான் சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஜின்ஷான்லிங் ஹெபெய் மாகாணத்தில், ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. போகவர நாளின் பெரும்பகுதி கரைந்துவிடும். அதற்கு ஈடாகக் கிடைப்பது 10.5 கிலோமீட்டர் நீளச் சுவரும் 67 கோபுரங்களும், அவற்றில் மிங் தளபதி சி ஜிகுவாங்கின் கைவண்ணமும். தென்கடற்கரையில் கடற்கொள்ளையரோடு போரிட்டுப் பெயர் பெற்ற பின் வடக்குக்கு மாற்றப்பட்ட அவர், வீரர்கள் உள்ளேயே தங்கி ஆயுதங்களையும் சேமித்து வைக்கும்படி உள்ளே வெற்றிடம் விட்ட கோபுரங்களைக் கட்டச் செய்தார். ஒரு கோபுரத்துக்குள் நுழைந்து வளைவுகளையும் சாளரங்களையும் பார்த்தால், இது வெறும் மதில் அல்ல, படை வாழ்ந்த வீடு என்பது புரியும். செங்குத்தான ஏற்றங்களில் நடைபாதையின் குறுக்கே, ஒரு பக்கத்தில் வழிவிட்டு, ஆளுயரக் குறுஞ்சுவர்கள் வரிசையாக நிற்கின்றன. பகைவர் சுவர்மேல் ஏறிவிட்டாலும் அவற்றின் பின்னே பதுங்கி, துளைகள் வழியே எய்தபடி மேலுள்ள கோபுரத்தைக் காப்பதற்கான ஏற்பாடு அது. சில செங்கற்களைக் குனிந்து பார்த்தால் முத்திரையிட்ட சீன எழுத்துகள் தெரியும்: வான்லி பேரரசரின் 5ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1577 வாக்கில், ஷாண்டோங் மாகாணத்தின் இடப்படை (இடப்பக்கப் படைப்பிரிவு) செய்தது என்பது போன்ற வாசகங்கள். செங்கல் உதிர்ந்தால் யாரைக் கேட்பது என்பதற்கான பதிவேடு சுவரிலேயே இருக்கிறது. கிழக்கே போகப் போகச் சீரமைப்பு குறைந்து, கைப்பிடிச்சுவர் இடிந்தும் படிகள் சரிந்தும் கிடப்பதால், நல்ல காலணியும் போதிய தண்ணீரும் இல்லாமல் போகக்கூடாது. மூட்டு வலி உள்ளவர்கள் இந்தப் பக்கம் நினைக்கவே வேண்டாம்.

ஜின்ஷான்லிங்கை அடுத்துள்ள சிமாதாய், விளக்கொளியில் இரவில் சுவரில் ஏறலாம் என்பதற்காகவே சிலரை ஈர்க்கிறது. ஆனால் அதன் அடிவாரத்தில் இருப்பது பழையதுபோல் புதிதாகக் கட்டிய சுற்றுலா ஊர் என்பதை அறிந்தே போவது நல்லது. மூதியான்யூவுக்கு மேற்கே மலைமுகட்டில் தொடரும் ஜியான்கௌவின் படங்கள் மூன்று பகுதிகளையும் தூக்கிச் சாப்பிடும் அழகுடையவை. ஆயினும் அது பார்வையாளருக்குத் திறக்கப்படாத, பல இடங்களில் இடிந்த பகுதி. திறக்கப்படாத பகுதிகளில் சுற்றுலா நடத்துவதை 2006ஆம் ஆண்டுப் பெருஞ்சுவர்ப் பாதுகாப்பு விதிகள் தடை செய்கின்றன. எனவே அங்கே கூட்டிப்போவதாக வழிகாட்டி எவரேனும் சொன்னால் மறுத்துவிடுங்கள்.