டிஷ்யூ பேப்பர் ஒட்டிய கண்ணாடி விளக்குகள்: சில வருடங்கள் ஏற்றிப் பார்த்த பிறகு

மலிவான கண்ணாடி டம்ளர், மெல்லிய வெள்ளை டிஷ்யூ பேப்பர், அதில் அச்சடித்த ஒரு படம், மேலே பசை. இவ்வளவுதான் பொருள். செய்து முடித்த அன்று எல்லாமே அழகாகத்தான் இருக்கும். சென்னையில் சில மழைக்காலங்களையும் அக்னி நட்சத்திரத்தையும் தாண்டிய பிறகும் அதை எடுத்து ஏற்றத் தோன்றுகிறதா என்பதுதான் எனக்கு முக்கியம். எங்கள் வீட்டில் கார்த்திகை, கொலு, பவர் கட் என்று எல்லாவற்றுக்கும் இவை வெளியே வந்துவிடுகின்றன. சில நன்றாகவே தாக்குப்பிடித்தன. சில முதல் ஐப்பசியிலேயே போய்விட்டன. இரண்டுக்கும் நடுவில் இருப்பது கைவண்ணம் இல்லை, மையும் பசையும்தான்.

முதலில் பேப்பர். நான் சொல்வது முகம் துடைக்கும் டிஷ்யூ இல்லை. செருப்புப் பெட்டிக்குள்ளும் பட்டுப்புடவை மடிப்புக்குள்ளும் வருமே, சரசரவென்று சத்தம் போடும் மெல்லிய தாள், அது. பொதுவாகச் சதுர மீட்டருக்கு 17 கிராம் அளவில் வரும். ஜெராக்ஸ் தாள் 70, 75 கிராம். இந்த மெலிவுதான் விஷயமே. பேப்பர் வெள்ளையாகத் தெரிவதற்குக் காரணம் நார்களுக்கு நடுவில் இருக்கும் காற்று. ஒளி அங்கே பட்டுச் சிதறுகிறது. பசை அந்த இடைவெளியை நிரப்பியதும் சிதறல் குறைந்து தாள் கிட்டத்தட்டக் காணாமல் போகிறது. அச்சடித்த கோடு மட்டும் கண்ணாடி மேலேயே வரைந்த மாதிரி நிற்கும். "இது பெயிண்டாம்மா?" என்று எதிர்வீட்டு மாமி விளக்கைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கேட்டார். நகத்தால் ஓரத்தைத் தேடினார், கிடைக்கவில்லை. ஓரம் கிடைக்காமல் இருக்க ஒரு வழி உண்டு. கத்தரிக்கோலால் வெட்டக் கூடாது, கையால் கிழிக்க வேண்டும். வெட்டிய விளிம்பு ஒரு கோடாக எப்போதும் தெரியும். கிழித்த விளிம்பில் நார்கள் பிரிந்து இருப்பதால் பசையில் கரைந்த மாதிரி மறைந்துவிடும்.

கலர் டிஷ்யூவை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஈரப் பசை பட்டதும் சாயம் இறங்கி அச்சுக்கோட்டுக்குள் போகும். அது போக, ஜன்னலோரம் வைத்த சிவப்பு சில மாதங்களில் வெளுத்த ரோஸ் ஆகிவிடுகிறது. கண்ணாடிக்கு நிறம் வேண்டுமென்றால் நிறக் கண்ணாடியே வாங்கலாம்.

அடுத்து மை. ஆபீஸ் ஸ்டாம்ப் பேடில் இருக்கும் ஊதா மை தண்ணீரில் கரையும் சாயம். தாளில் காய்ந்த பிறகும், பிரஷ்ஷில் பசை தடவியதும் ஊதாப் புகை மாதிரி பரவும். கைவினைக் கடைகளில் பர்மனன்ட் என்றும் வாட்டர்ப்ரூஃப் என்றும் போட்டு விற்கும் மைப்பேடுதான் சரி, அதிலும் கறுப்பு. நிறமித் துகள் கலந்த கறுப்பு மை வெயிலுக்கு அசையவே இல்லை. என்னிடம் இருப்பதில் மிகப் பழைய டம்ளரில்கூடக் கோடு அப்படியே கருகருவென்று இருக்கிறது. அச்சடிக்கும்போது தாளுக்குக் கீழே ஒரு வேஸ்ட் பேப்பர் அவசியம், மை ஊடுருவி மேஜைக்குப் போய்விடும். டிஷ்யூவின் இரண்டு பக்கத்தில் ஒன்று வழவழப்பாக இருக்கும். சொரசொரப்பான பக்கத்தில் அடித்தால் மை வழுக்காது. ஒட்டுவதற்கு முன் ஒரு ராத்திரி முழுக்கக் காய விடுவேன். அவசரமென்றால் ஹேர் டிரையர் போதும்.

அச்சுக்கு என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: பென்சில் அழிக்கும் பெரிய ரப்பரும் கூர்மையான கட்டர் பிளேடும் இருந்தால் போதும். நான் செதுக்குவது கோலம். நாலு புள்ளிச் சிக்குக்கோலத்தை ரப்பரில் வரைந்து, கோட்டை விட்டுவிட்டு மற்ற இடத்தைத் தோண்டி எடுக்க வேண்டும். எழுத்தாக இருந்தால் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டியிருக்கும். இரண்டு பக்கமும் ஒத்துப்போகும் கோலத்துக்கு அந்தத் தலைவலி இல்லை. சுழி திரும்பும் இடத்தில் பிளேடைத் திருப்பக் கூடாது, பிளேடு அசையாமல் இருக்க ரப்பரைத்தான் திருப்ப வேண்டும், அப்போதுதான் வளைவு உடையாமல் வரும். துணிக்கு அச்சுப் போடும் மரக்கட்டைகளையும் வைத்துப் பார்த்தேன். தட்டையான தாளில் அருமையாக விழுகிறது. ஆனால் அவற்றின் படம் பெரிது, சின்ன டம்ளரைச் சுற்றும்போது பாதி மறுபக்கம் போய்விடுகிறது. விரல் அகலக் கட்டை கிடைத்தால் விடாதீர்கள்.

இனிமேல் பசை. நிஜமான பரீட்சை இங்கேதான். மரவேலைக்கும் பள்ளிக்கூட ப்ராஜெக்ட்டுக்கும் வாங்கும் வெள்ளைப் பசை காய்ந்ததும் கண்ணாடி மாதிரி தெளிவாகிறது, விலையும் குறைவு. ஆனால் அதில் பல ரகங்கள் தண்ணீரை முழுக்க மறப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாத ஈரக்காற்றில் மெதுவாக மங்கி, பால் ஊற்றிய மாதிரி ஒரு வெண்மை படர்கிறது. கோடையில் வேறு கதை: பரணில் இருக்கும் சூட்டுக்கு இளகிப் பிசுபிசுக்கிறது. நியூஸ்பேப்பரில் சுற்றி வைத்திருந்த ஒன்றைப் பிரித்தபோது பேப்பரும் சேர்ந்து ஒட்டியிருந்தது. உரித்த இடத்தில் ஒரு திருமண விளம்பரத்தின் எழுத்துகள் தலைகீழாகப் பதிந்திருந்தன. வெள்ளைப் பசை மட்டும் போட்டு மேல்பூச்சு இல்லாமல் விட்டவற்றில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றால்தான் போயின. மைதா பசையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மாவு என்றால் வெள்ளிப்பூச்சிக்கும் கரப்பானுக்கும் விருந்து. கடித்த இடத்தில் தாள் சல்லடையாகிவிடும்.

மேல்பூச்சு போட்டால் கதையே மாறுகிறது. இப்போது நான் செய்வது: டம்ளரை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைக்கிறேன், ஏனென்றால் விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பசை பிடிக்காது. வெள்ளைப் பசையில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, கண்ணாடி மேல் ஒரு பூச்சு. தாளை வைத்து, நடுவிலிருந்து வெளியே போகிற மாதிரி மெத்தென்ற பிரஷ்ஷால் ஒரே ஒரு இழுப்பு. நனைந்த தாளை இரண்டாவது தடவை தேய்த்தால் கிழியும். சின்னச் சுருக்கங்களை அப்படியே விட்டுவிடுங்கள். விளக்கு ஏற்றினால் அவை உறுத்துவதில்லை. காய்ந்த பிறகு அக்ரிலிக் வார்னிஷ் ஸ்ப்ரே, மெல்லியதாக இரண்டு மூன்று தடவை, மாடியில் திறந்த வெளியில். இப்படி முடித்தவை எதுவும் மங்கவில்லை. இந்த வேலைக்கென்றே ஒட்டவும் பூசவும் சேர்த்துச் செய்யும் பசைகளும் வருகின்றன. அமெரிக்காவில் 1960களில் அறிமுகமான மாட் பாட்ஜ் அந்த வகையில் பிரபலம். நம் ஊரில் விலை கூடுதல். தொட்டால் ஒரு மணி நேரத்தில் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் முழுக்க இறுக நான்கு வாரம் வேண்டும் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். அதனால் கார்த்திகைக்கு வேண்டுமென்றால் ஐப்பசி பிறக்கும்போதே ஒட்டிவிடுவது நல்லது. பண்டிகைக்கு முதல் நாள் ஒட்டி மறுநாள் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

நெருப்பு விஷயத்தில் எனக்குச் சமரசம் கிடையாது. தாள் டம்ளருக்கு வெளிப்பக்கம் மட்டும்தான், உள்ளே ஒரு துணுக்குகூடக் கூடாது. விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை விட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். அனல் மேலேதான் போகிறது. டீலைட் மெழுகுவர்த்தி கிட்டத்தட்ட நாலு சென்டிமீட்டர் அகலம், டம்ளரின் வாய் அதைவிடத் தாராளமாக இருக்கட்டும். நேராக நிற்கும் டம்ளராகப் பார்த்து வாங்கினால் தாளும் சுருங்காமல் சுற்றும். பாரிமுனை தேவராஜ முதலி தெருவில் "அண்ணே, மேலே அகலாம நேரா நிக்கிற டம்ளர் வேணும்" என்று கேட்டு வாங்கினேன், கனமான அடிப்பாகம் உள்ளது. கீழே சிறுத்து மேலே விரியும் டீக்கடைக் கிளாஸுக்கு நீளப் பட்டை உட்காராது. துண்டு துண்டாகக் கிழித்துத்தான் ஒட்ட வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கார்த்திகை முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, டம்ளர்கள் இன்னும் பரணுக்கு ஏறவில்லை. வேளச்சேரியில் தண்ணீர் வடியவும் கரண்ட் வரவும் நாளாயிற்று. ராத்திரி முழுக்க ஒன்று மாற்றி ஒன்று எரிந்தன. ஜன்னலைச் சாத்த முடியாத புழுக்கத்தில் வெறும் மெழுகுவர்த்தி அணைந்துகொண்டே இருக்க, இவை நின்றன. ஈரக் கையோடு எடுத்தோம், ஈரத் தரையில் வைத்தோம். வார்னிஷ் அடித்தவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடிக்காத ஒன்றில் அடிப்பக்கத் தாள் ஊறிக் கையோடு வந்துவிட்டது. கோலத்தின் நிழல் சுவரில் பெரிதாக விழுந்ததால், பயந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டுக் குழந்தை அதைத் தொட்டுத் தொட்டு விளையாடியது. அதற்காகவே இதை இன்னும் நாலு பேர் செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை.

அகல் விளக்கை இதற்குள் வைக்கலாமா என்றால், வைக்காதீர்கள். கரி உள்பக்கம் படிகிறது, தினம் தேய்த்துக் கழுவ வேண்டிவரும். எண்ணெய் வழிந்து வெளியே வந்தால் பூச்சில்லாத தாளில் திட்டுத் திட்டாக ஊறிவிடும், அந்தக் கறை போகாது. கொலுப்படியில் துணிக்குப் பக்கத்தில் வைக்க நான் பேட்டரி டீலைட்தான் போடுகிறேன். வெளிச்சம் கொஞ்சம் தட்டையாகத்தான் இருக்கிறது, ஆனால் பட்டுத்துணி பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

மெழுகு சுத்தம் செய்வதில் ஒரு எச்சரிக்கை. டம்ளரை ஃப்ரீஸரில் வைத்தால் மெழுகு சுருங்கித் தானாகக் கழன்று வரும் என்பார்கள், வரத்தான் வருகிறது. ஆனால் வெளியே எடுத்ததும் கண்ணாடி முழுக்க வியர்க்கிறது. அந்த ஈரம் தாளின் ஓரத்தில்தான் முதலில் நுழைகிறது. குளிர்ந்த கண்ணாடியில் வெந்நீர் ஊற்றினால் விரிசலும் விடும். அலுமினியக் கிண்ணத்தோடு வரும் டீலைட்டையே பயன்படுத்தினால் இந்தப் பிரச்சினையே வராது. வெளிப்பக்கத் தூசிக்கு உலர்ந்த துணி போதும், சோப்புத் தண்ணீரில் முக்கக் கூடாது.

வெயில் படும் இடத்தில் இருந்தவற்றில் தாள் லேசாகப் பழுத்திருக்கிறது. மட்டமான டிஷ்யூவில் அது சீக்கிரம் வரும். விளக்கு வெளிச்சத்தில் எனக்கு அந்த மஞ்சள் பிடித்தே இருக்கிறது, அதனால் மாற்றவில்லை.

மங்கிப்போனவற்றைத் தூக்கி எறிய வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் ராத்திரி ஊறவைத்தால் வெள்ளைப் பசை தோலாக உரிந்து வரும், டம்ளர் புதுசாகக் கையில் இருக்கும். ஸ்ப்ரே அடித்ததற்குள் தண்ணீர் சுலபமாக நுழையாது. மேல் ஓரத்தில் பிளேடால் ஒரு கோடு கீறிவிட்டு ஊறவைத்தால் அந்த வழியாக இறங்கிவிடும்.