ஒன்போர்ட் சார்ஜர் போச்சு என்று சொன்னால் உடனே காசு கட்டிவிடாதீர்கள்

இலங்கை மலையகத்தில் பாவித்த நிசான் லீஃப் மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். ஒன்போர்ட் சார்ஜர் என்பது காருக்குள்ளேயே இருக்கும் சார்ஜர். எனக்கு 3 லட்சத்து 40 ஆயிரம் ரூபா போய்விட்டது. உங்களுக்கும் போகக்கூடாது.

நாங்கள் கொட்டகலைப் பக்கம். ஜூன் மாத மழை. ஒரு நாள் இரவு பத்தரைக்கு வழக்கம்போல கேபிளைச் செருகினேன், சார்ஜ் ஏறவில்லை. கேபிளோடு சேர்ந்து சுவரில் தொங்கும் பெட்டியில் சிவப்பு விளக்கு மின்னியது. காரின் டாஷ்போர்டில் எரிய வேண்டிய நீல விளக்குகள் எரியவில்லை. கழற்றிக் கழற்றி மாட்டிப் பார்த்தேன், டைமர் ஏதும் போட்டிருக்கிறேனா என்றும் பார்த்தேன். பயனில்லை. பேட்டரியில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்ததால் காலையில் கீழே ஒரு நகரத்தில் உள்ள கராஜுக்கு நானே ஓட்டிப் போனேன்.

அங்கே ஒரு பையன் போனில் ஸ்கேன் பண்ணினான். திரையில் சிவப்பாக நாலைந்து பழுதுக் குறியீட்டு வரிகள். "சேர், ஒன்போர்ட் சார்ஜர் போச்சு. கோட் வந்திருக்கு பாருங்க" என்றார் கராஜ்காரர். நான் அதைப் படம் எடுத்து வைத்திருந்தேன். பிறகு விசாரித்ததில், அதில் இருந்தது யூ 1000 என்ற கோட். காருக்குள் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசுவது எப்போதோ அறுந்தது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. சின்ன 12 வோல்ட் பேட்டரி ஒரு முறை இறங்கிப்போனாலே அந்தக் கோட் பதிந்துவிடும். எந்தப் பாகம் கெட்டது என்று அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அன்று எனக்கு இது தெரியாது. அட்வான்ஸ் ஒரு லட்சம் கட்டினேன்.

ஐந்து நாள் கழித்து, பாவித்த சார்ஜர் ஒன்றைப் போட்டு, தங்கள் இடத்தில் சார்ஜ் ஏற்றிக் காட்டினார்கள். நிம்மதியாக மிச்சக் காசையும் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து செருகினால், அதே சிவப்பு விளக்கு. போன் பண்ணினேன். "அப்ப கேபிளும் போயிருக்கு சேர், புதுசு 65 ஆயிரம் வரும்" என்றார்கள்.

அதையும் வாங்கியிருப்பேன். பக்கத்து வீட்டு அண்ணன் தடுத்தார். தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். "தம்பி, காரைப் பாத்தீங்க, கேபிளப் பாத்தீங்க. செவுத்தப் பாத்தீங்களா?" என்றார்.

மீட்டரைக் கொண்டுவந்து பிளக் பொயின்ட்டில் வைத்தார். லைவுக்கும் நியூட்ரலுக்கும் 228 வோல்ட், சரி. லைவுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு காட்ட வேண்டும், ஆனால் 90, அப்புறம் 70, ஒரு இடத்தில் நிற்கவில்லை. பிறகு ஒரு பல்பை லைவுக்கும் எர்த்துக்கும் நடுவே பிடித்தார். எர்த் நன்றாக இருந்தால் அந்த நொடியே ட்ரிப் சுவிட்ச் விழ வேண்டும். விழவில்லை, பல்பும் எரியவில்லை. (இதை நீங்கள் செய்து பார்க்காதீர்கள், அவருக்குத் தொழில் தெரியும்.)

வீட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்தோம். மழையில் மண் கரைந்து, எர்த்துக்காக மண்ணில் இறக்கிய கம்பியான எர்த் ரொட் ஒரு முழம் வெளியே தெரிந்தது. கிளாம்ப் முழுக்கப் பச்சை பூத்திருந்தது. அவர் விரலால் தொட்டதும் வயர் கையோடு வந்துவிட்டது.

எனக்கு விளங்கிய விஷயத்தைச் சொல்கிறேன். சுவரில் தொங்கும் பெட்டியைத்தான் நாம் எல்லோரும் சார்ஜர் என்கிறோம். நிஜமான சார்ஜர் காருக்குள் இருக்கிறது, வீட்டு ஏசி மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்ற டிசி மின்சாரமாக மாற்றிப் பெரிய பேட்டரிக்கு அனுப்புவது அதுதான். சுவர்ப் பெட்டி காவலுக்கு நிற்கும் ஒரு சுவிட்ச். பைலட் என்ற மெல்லிய வயரில் 12 வோல்ட்டை அனுப்பிப் பார்க்கும். காரில் செருகியதும் அது 9 ஆகும், கார் தயார் என்றால் 6 ஆகும். அதன் பிறகுதான் பெட்டிக்குள் இருக்கும் ரிலே என்ற தானியங்கிச் சுவிட்ச் "டிக்" என்று சேர்ந்து 230 வோல்ட் காருக்குப் போகும். எர்த் இல்லை என்று கண்டால் பல பெட்டிகள் ரிலேயைச் சேர்க்கவே சேர்க்காது. எங்கள் வீட்டில் அந்த "டிக்" சத்தம் ஒரு தடவைகூட வரவில்லை. காருக்குள் மின்சாரமே போகாதபோது உள்ளே இருக்கும் சார்ஜர் போச்சு என்று எப்படிச் சொன்னார்கள்? காரைக் கொண்டுபோன அன்றே தங்கள் பெட்டியில் மாட்டிப் பார்த்திருந்தால் பழைய சார்ஜரிலேயே ஏறியிருக்கும். ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யவில்லை என்பதுதான் என் கோபம்.

நம் நாட்டில் மின்சார லைனோடு எர்த் வருவதில்லை, வீட்டுக்காரர்தான் ரொட் இறக்க வேண்டும். நம் பக்கம் சரிவும் பாறையும் மழையுமாக இருப்பதால் அது எப்போது கழன்றது என்றே தெரியாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று வாரமாக வெறுங்காலோடு வாஷிங் மெஷினைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறது என்று மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். நான் காது கொடுக்கவில்லை. எர்த் இல்லாவிட்டால் கசிகிற மின்சாரம் போக வழி இல்லை, யாராவது தொடும்வரை ட்ரிப் சுவிட்சும் விழாது. வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். பணம் போனதைவிட இதை நினைத்தால்தான் நெஞ்சு பதறுகிறது.

புது ரொட், கிளாம்ப், வயர் எல்லாம் சேர்த்து 11,500 ரூபா. அன்று இரவே பழைய கேபிளில் சார்ஜ் ஏறியது.

உங்கள் கார் சார்ஜ் ஏறாவிட்டால் முதலில் அதே கேபிளை வேறு வீட்டில், பிறகு காரை வேறு பெட்டியில் மாட்டிப் பாருங்கள். 12 வோல்ட் பேட்டரியை அளக்கச் சொல்லுங்கள், நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 பக்கம் காட்டும். பெரிய பேட்டரியின் உயர் வோல்ட் ஓடும் ஆரஞ்சு நிற வயர்களை மட்டும் நீங்களாகத் தொட வேண்டாம். பாகம் மாற்றினால் கழற்றியதைக் கையோடு வாங்குங்கள், பில்லில் பாகத்தின் பெயரை எழுதச் சொல்லுங்கள். என் பில்லில் "சார்ஜிங் ரிப்பேர்" என்று மட்டும்தான் இருக்கிறது.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். கராஜ்காரர் இப்போது என் போனை எடுப்பதில்லை. கெடாத என் பழைய சார்ஜரும் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.