வைரஸா, மரபணுவா: காது கேளாத பச்சிளங்குழந்தைக்கு எந்தச் சோதனை முதலில்?

செவிப் பரிசோதனை முடிவு சரியில்லை என்றதும் வீட்டார் இரண்டு விஷயங்களைச் சொல்வார்கள். “எங்கள் பரம்பரையில் யாருக்கும் இப்படி இல்லையே.” “கர்ப்பத்தில் எனக்குக் காய்ச்சல்கூட வரவில்லையே.” முதல் பேச்சை நம்பி மரபணுக் கோளாறை ஒதுக்கக் கூடாது, இரண்டாவதை நம்பி, கருவிலேயே தொற்றிக் காதைப் பாதிக்கும் சைட்டோமெகலோ வைரஸை ஒதுக்கக் கூடாது. தாய்க்கு எந்த அறிகுறியும் காட்டாமலே கருவைத் தொற்றக்கூடியது அந்த வைரஸ்.

எதை முதலில் பார்ப்பது? தயங்காமல் சொல்வேன்: சிறுநீரை. பிறந்த 21 நாட்களுக்குள் எடுத்த சிறுநீரிலோ எச்சிலிலோ வைரஸ் தென்பட்டால், அது கருவிலேயே வந்த தொற்று. அதற்குப் பிறகு தென்பட்டால் பிரசவத்தின்போது வந்ததா, தாய்ப்பாலில் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. எச்சில் எடுப்பது சுலபம். கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியைச் சுழற்றினால் போதும். ஆனால் பால் குடித்த வாயில் உடனே எடுத்தால், பாலில் உள்ள வைரஸும் சேர்ந்துகொள்ளும். ஒரு மணி நேரமாவது பொறுத்து எடுக்க வேண்டும்; தொற்று இருப்பதாக வந்தால் சிறுநீரில் உறுதிசெய்ய வேண்டும்.

மரபணுச் சோதனைக்கு இந்த அவசரம் இல்லை. இன்று எடுத்தாலும் அடுத்த ஆண்டு எடுத்தாலும் ரத்தம் அதே பதிலைத்தான் தரும். பிறவிக் காது கேளாமைக்கு அதிகம் காணப்படும் மரபணுக் காரணங்களில் ஒன்று, கனெக்சின் 26 என்ற மரபணுவில் உள்ள பழுது. நன்றாகக் காது கேட்கும் தாய், தந்தை இருவரும் பழுதுபட்ட பிரதியை ஒவ்வொன்று சுமந்திருப்பார்கள். பழுதான இரண்டு பிரதிகளும் குழந்தைக்குச் சேர்ந்தால்தான் பாதிப்பு; ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதற்கு 25 சதவீத வாய்ப்பு.

போக்கிலும் வேறுபாடு உண்டு. கனெக்சின் பாதிப்பு பெரும்பாலும் இரு காதிலும், பிறவியிலேயே தெரியும். வைரஸ் பாதிப்பு ஒரு காதோடு நிற்கலாம், மாதங்கள் கழித்தும் தலைகாட்டலாம். பிறந்தபோது தேறிய குழந்தைக்கும், தொற்று உறுதியானால் செவியைத் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும். தகுந்த குழந்தைகளுக்கு வைரஸை அடக்கும் வால்கான்சிக்ளோவிர் மருந்தை முதல் மாதத்திலேயே தொடங்கி ஆறு மாதம் கொடுக்கிறார்கள். வெள்ளையணுக்கள் குறையும் என்பதால் ரத்தத்தைக் கண்காணிப்பார்கள். கனெக்சினுக்கு மருந்து இல்லை; ஆனால் அறுவைச் சிகிச்சையால் உட்செவியில் பொருத்தும் காக்ளியர் கருவி பொதுவாக நல்ல பலன் தருகிறது.

காதைத் தாண்டியும் இந்தக் குழப்பம் உண்டு. 1984-இல் விவரிக்கப்பட்ட ஐகார்டி-கூட்டியேர் என்ற மரபுநோய், மூளையில் சுண்ணாம்புப் படிவுகளோடு கருத்தொற்று போலவே தோற்றம் காட்டும். தொற்று என்று தவறாக முடிவுகட்டினால், “அடுத்த குழந்தைக்குப் பயமில்லை” என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். பெரும்பாலான குடும்பங்களில் அங்கேயும் காத்திருப்பது அதே 25 சதவீதம்.