நாடகக்காரர்களுக்குத் தனி வகுப்பாகப் பாட்டு: எட்டு மாதம் போய்வந்த அனுபவம்

மதுரையில் மேடை நாடகம் போடுகிற யாராவது பாட்டு கற்றுக்கொள்ள இடம் தேடினால் அவர்களுக்காக இதை எழுதுகிறேன். எட்டு மாதமாக வாரத்துக்கு இரண்டு நாள், ஒருவருக்கு ஒருவர் என்று தனி வகுப்பு. சொல்லித்தருகிற அம்மா ஸ்பெஷல் நாடகத்தில், அதாவது ஊர்த் திருவிழாக்களில் ராத்திரி முழுக்க நடக்கும் பாட்டு நாடகத்தில், பல வருடம் ஸ்திரீபார்ட் (பெண் வேடம்) போட்டவர், ஹார்மோனியமும் அவரே வாசிப்பார். வாசலில் போர்டு கிடையாது, விளம்பரம் கிடையாது, நாடகக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லித்தான் ஆள் வருகிறது. அதனால் பெயரை நானும் இங்கே போடவில்லை.

முதலில் வேறு ஓர் இடத்துக்குப் போனேன். அது பெரிய வகுப்பு, பதினைந்து பேர் உட்கார்ந்து சரளி வரிசை, அதாவது ஆரம்பப் பாட ஸ்வரப் பயிற்சி, பாடுவோம். கர்நாடக சங்கீதம் கற்க வேண்டும் என்று வருபவர்களுக்கு அது சரியான வழிதான். எனக்குத் தேவைப்பட்டது வேறு. இரண்டு மாதத்தில் ஒரு நாடகம், அதில் நான்கு பாட்டு, ஒரு பாட்டை மேடையில் ஓடி முடித்த கையோடு பாட வேண்டும். அதைச் சொன்னதும் அங்கே இருந்த பயிற்சியாளர் "வயிற்றிலிருந்து சத்தம் எடுங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். எப்படி எடுப்பது என்று சொல்லவில்லை. நானும் அடித்தொண்டையைப் பிடித்துக் கத்தினேன், ஒத்திகை ஆரம்பித்த மூன்றாவது வாரம் குரல் கட்டிவிட்டது. காது மூக்கு தொண்டை மருத்துவர் சின்ன கேமராவை விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாண் இரண்டும் வீங்கியிருக்கின்றன, ஒரு வாரம் பேசவே கூடாது, கிசுகிசுவென்று பேசுவதும் கூடாது என்றார். அந்த வேடம் வேறு ஒருவருக்குப் போனது. இன்றைக்கும் அது மனசில் கிடக்கிறது.

அதற்கு அப்புறம்தான் இந்த அம்மாவிடம் வந்தேன். முதல் நாள் பாடவே சொல்லவில்லை. "தம்பி, நீ நாடகத்துல பேசுற வசனத்தை அப்படியே பேசு" என்றார். பேசினேன். அவர் ஹார்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்தி, "உன் பேச்சு இங்க நிக்குது பாரு, நீ ரெண்டு கட்டைக்காரன், உன்னை எவன் நாலு கட்டையில கத்தச் சொன்னது?" என்று கேட்டார். கட்டை என்றால் சுருதியின் அளவு, எண் கூடக்கூடக் குரலை உயர்த்திப் பாட வேண்டும். நாடகத்துக்குப் போட்டிருந்த இசை நாலு கட்டையில் இருந்தது, அதை யாருமே யோசிக்கவில்லை. இரண்டு கட்டையில் நான் ஆதார சட்ஜம், அதாவது அடிப்படை 'ஸ', பிடிக்கும்போது குரல் நாண் நொடிக்கு ஏறத்தாழ 147 தடவை ஒன்றோடு ஒன்று மோதி விலகுகிறது, மேலே பஞ்சமத்துக்கு ('ப') போனால் 220. கட்டையை ஏற்றிக்கொண்டே போய் அழுத்தமும் கொடுத்தால் அது புண்ணாகாமல் என்ன செய்யும்?

பயிற்சி எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு ஒன்றை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். ஒரு டம்ளரில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர், அதில் ஒரு ஸ்ட்ரா. உதட்டை மூடி ஸ்ட்ராவைக் கவ்விக்கொண்டு "ஊ" என்று குரலோடு ஊத வேண்டும், தண்ணீர் ஒரே சீராகக் கொப்பளிக்க வேண்டும். கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே குரலை வழுக்கிக்கொண்டே போகும்போதும் கொப்பளம் மாறக் கூடாது. மூச்சு தடுமாறினால் தண்ணீர் உடனே காட்டிக்கொடுத்துவிடும், ஒன்று மேலே தெறிக்கும், இல்லையென்றால் நின்றுபோகும். ஸ்ட்ராவின் குறுகிய துளை காற்றைக் கொஞ்சம் திருப்பித் தள்ளுவதால் குரல் நாண்கள் ஒன்றையொன்று பலமாக அறைவது குறைகிறது, அதனால்தான் களைத்த குரலுக்கும் இது ஒத்துக்கொள்கிறது. பேச்சுப் பயிற்சி நிபுணர்களும் இதையேதான் கொடுக்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அம்மாவுக்கு அதை யார் சொன்னார்களோ, முதல் பத்து நிமிடம் தினமும் இதுதான்.

ஆனால் இந்த வகுப்புக்கு நான் உயிரையே கொடுப்பேன் என்றால் அது வேறு ஒரு விஷயத்துக்காக. வசனத்திலிருந்து பாட்டுக்குப் போகிற அந்த இடம் இருக்கிறதே, புது நாடகங்களில் அங்கேதான் எல்லாரும் விழுகிறோம். பேசிக்கொண்டே இருப்போம், இசை ஆரம்பிக்கும், நடிப்பை அப்படியே விட்டுவிட்டுப் பாடகராகி நிற்போம். பார்க்கிறவர்களுக்கு இரண்டு ஆள் தெரிவார்கள். ஸ்பெஷல் நாடகத்தில் அது நடக்காது. அங்கே ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியாகப் பேசி அழைப்பார்கள், ஒத்திகை கிடையாது, இயக்குநர் கிடையாது, ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து விடியும்வரை போகும். வள்ளி திருமணத்தில் வள்ளியும் நாரதரும் தர்க்கம் பண்ணுவது மணிக்கணக்கில் நீளும், பேச்சும் பாட்டுமாக மாறி மாறி. வசனத்தின் கடைசிச் சொல்லையே சுருதிக்குக் கொண்டுவந்து நிறுத்துவார்கள், ஹார்மோனியக்காரர் அதைப் பிடித்துக்கொள்வார், பாட்டு அங்கிருந்தே கிளம்பும். அந்தக் கடைசிச் சொல்லை அம்மா என்னிடம் ஒரு மணி நேரம் முழுக்க வாங்கினார். "வந்தான்" என்ற ஒரே சொல். "தா-வுல நில்லு, 'ன்'னை முதல்லயே மூடாத, மூடினா சத்தம் மூக்குக்குப் போயிரும், கடைசி வரிசையில இருக்கிறவனுக்கு என்ன கேக்கும்?" முப்பது தடவையாவது சொல்லியிருப்பேன். ஒரு கட்டத்தில் நான் பேசினேனா பாடினேனா என்று எனக்கே தெரியாத மாதிரி வந்தது, அவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரியை வாசிக்க ஆரம்பித்தார். இதை எந்தப் பாட்டு வகுப்பிலும் நான் பார்க்கவில்லை.

மைக் வருவதற்கு முன்னால் கடைசி ஆள்வரை குரல் போக வேண்டும் என்பதற்காகவே மேடையில் மிக உயர்ந்த சுருதியில் பாடினார்கள். அந்தக் கால நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் மறைந்தார், மேடைப் பாடகர்-நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933-ல் இருபத்தேழு வயதில் போய்விட்டார். இவர்களைப் பற்றி அம்மா பேசும்போது சொந்த வீட்டுப் பெரியவர்களைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும். ஆனால் அந்தக் காலச் சுருதியை இன்றைக்கு எல்லார் தலையிலும் கட்டுவதில்லை. இயக்குநரிடம் போய்ச் சுருதியைக் குறைக்கச் சொல் என்று என்னை அனுப்பியதே அவர்தான். குறைத்தார்கள், அடுத்த நாடகத்தில் நான்கு பாட்டையும் நானே பாடினேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நம்பிப் போகிறவர்கள் ஏமாந்துவிடுவார்கள். பங்குனி, சித்திரை வந்தால் வகுப்பு நடக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். திருவிழாக் காலம், ஊர் ஊராக நாடகம், ராத்திரி முழுக்கக் கண் விழித்துவிட்டு வந்தவரிடம் காலையில் போய் உட்கார முடியாது. சொன்ன நேரத்துக்கு வகுப்பு ஆரம்பிப்பதும் அபூர்வம், ஒரு தடவை முக்கால் மணி நேரம் திண்ணையில் காத்திருந்தேன். எழுதிக்கொடுப்பது எதுவும் இல்லை, போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், அதற்கு அவர் தடை சொல்வதில்லை. ஆன்லைனில் கேட்டால் எடுப்பார், நான் இரண்டு முறை முயன்றேன், அவர் வாசிப்பதும் என் குரலும் ஒன்றாகச் சேராது, அழைப்பில் அந்தத் தாமதம் இருக்கத்தான் செய்யும், அதனால் பணம் வீண். மேற்கத்திய பாணியில் பல குரல் சேர்ந்து பாடும் நாடகத்துக்குத் தயாராகிறவர்களுக்கு இந்த இடம் ஒத்துவராது, அம்மாவே அதை முதல் நாளிலேயே சொல்லிவிடுவார்.

கட்டணம் ஒரு மணி நேரத்துக்கு ஐந்நூறு ரூபாய். மாதம் எட்டு வகுப்பு போனால் நாலாயிரம், நாடகத்தில் வருகிற காசைப் பார்த்தால் அது சின்னத் தொகை இல்லை. நான் இப்போது வாரம் ஒன்றாகக் குறைத்துக்கொண்டேன், நடுவில் வீட்டிலேயே டம்ளரும் ஸ்ட்ராவும். அப்புறம் ஒன்று, போகிறவர்கள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு உள்ளே நுழையாதீர்கள். கனைக்கிற ஒவ்வொரு தடவையும் குரல் நாண் அடிபடுகிறது என்று சொல்லி, ஒரு வாய் தண்ணீர் குடித்து விழுங்கச் சொல்வார். குடிக்கிற தண்ணீர் குரல் நாணைத் தொடாது, அது உணவுக்குழாயில் போகிறது, அதனால் காலையிலிருந்தே குடித்துக்கொண்டு வந்தால்தான் சாயங்கால வகுப்புக்குத் தொண்டை ஈரமாக இருக்கும். சாயங்கால வகுப்பு ஆறு மணிக்கு, பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கி ஆறரைக்கு ஆரம்பிக்கும், முடிந்தால் காலை ஏழு மணி வகுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.