"போர்டு போயிடுச்சு" என்று சொன்னால் உடனே சரி சொல்லிவிடாதீர்கள்

பழைய லேப்டாப்பைக் கடையில் பழுதுபார்க்கக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். மாற்றவே மாற்றாத மதர்போர்டுக்கு (எல்லாப் பாகங்களும் இணையும் முதன்மைப் பலகை) என்னிடம் 420 சிங்கப்பூர் வெள்ளி வாங்கியிருக்கிறார்கள். அதற்கு மேல், சோதித்துப் பார்க்க 60 வெள்ளி. புகார் இன்னும் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை. சிங்கப்பூரில் யீஷூன் பக்கம், ஒரு கடைத்தொகுதியில் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பெயரைவிட, ஏமாற்றிய விதம்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

என்னுடையது டெல் லேட்டிட்யூட் 5490. 2018இல் வந்த மாடல். ஒரு நிறுவனம் கழித்துவிட்டதை மறுவிற்பனையில் வாங்கினேன். வாங்கும்போது 8 ஜிபி ரேம் (மெமரி) இருந்தது. பிறகு இன்னொரு 8 ஜிபி போட்டு 16 ஆக்கிக்கொண்டேன். வீட்டில் தமிழ்த் துணைப்பாட வகுப்பு எடுக்கிறேன். பயிற்சித்தாள், கேட்டல் கருத்தறிதல் ஒலிப்பதிவு, ஸூம் வகுப்பு எல்லாமே இந்த ஒரு லேப்டாப்பில்தான்.

தொடக்கநிலை ஆறு பிள்ளைகளுக்குத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அது படுத்துவிட்டது. பவர் பட்டனை அழுத்தினால் விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பாகவே நிற்கிறது. சார்ஜ் போடும்போது எரியுமே ஒரு சின்ன விளக்கு, அது மட்டும் சிமிட்டியது. ஆரஞ்சு நிறத்தில் இரண்டு தடவை. கொஞ்சம் இடைவெளி. வெள்ளையாக மூன்று தடவை. மறுபடியும் ஆரஞ்சு இரண்டு, வெள்ளை மூன்று. நிறுத்தாமல் அப்படியே போய்க்கொண்டிருந்தது. கடையில் காட்டலாம் என்று கைப்பேசியில் வீடியோ எடுத்துக்கொண்டேன். இன்றைக்குப் புகாரில் முதல் ஆதாரம் அந்த வீடியோதான்.

கவுண்டரில் இருந்தது ஒரு தமிழ்த் தம்பி. மரியாதையாகத்தான் பேசினார். வீடியோவைக் காட்டப் போனேன். "அதெல்லாம் வேணாம்கா, திறந்து பார்த்தாதான் தெரியும்" என்று கைப்பேசியை வாங்கக்கூட இல்லை. சோதிப்பதற்கான 60 வெள்ளி திரும்பக் கிடைக்காது என்றார். விண்டோஸ் பாஸ்வர்டைக் கேட்டு, ஒரு தாளில் எழுதி லேப்டாப் மூடியில் ஒட்டினார். திரையே வராத லேப்டாப்புக்குப் பாஸ்வர்டு எதற்கு? வன்பொருள் சோதனை எல்லாம் விண்டோஸ் திறப்பதற்கு முன்பே ஓடிவிடும். அதற்கு உங்கள் பாஸ்வர்டு தேவையே இல்லை. யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

மறுநாள் போன் வந்தது. "அக்கா, மதர்போர்டு போயிடுச்சு. ஷார்ட் ஆகியிருக்கு. மாத்தணும். 420 வெள்ளி."

"வேற ஏதாவதா இருக்குமா தம்பி? ரேம், கேபிள் அந்த மாதிரி?"

"இல்லக்கா, எல்லாம் செக் பண்ணியாச்சு. பழைய மாடல், போர்டு ஒண்ணுதான் ஸ்டாக்ல இருக்கு. இன்னைக்கே சொல்லிடுங்க. இல்லன்னா எங்ககிட்ட இருக்கிற ரீஃபர்பிஷ்ட் செட் ஒண்ணு எடுத்துக்குங்க. உங்களோடதுல விண்டோஸ் 11 ஓடாதுக்கா."

என் லேப்டாப்பில் அப்போதே விண்டோஸ் 11தான் இருந்தது. அதில் இருப்பது இன்டெலின் 8ஆம் தலைமுறை பிராசஸர். விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொண்ட பட்டியலில் அது இருக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துபோனதால், பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களைப் பயமுறுத்த இது நல்ல சாக்காகிவிட்டது. நான் அதைச் சொன்னதும் பேச்சை மாற்றிவிட்டார். வகுப்பு நின்றுகொண்டிருந்தது, பெற்றோர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். போர்டையே மாற்றச் சொன்னேன். "மதர்போர்டு மாற்றம், 420 வெள்ளி" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பும்படி கேட்டேன், அனுப்பினார். ஆனால் பணம் கட்டும்போது கொடுத்த பில்லில் "மதர்போர்டு சர்வீஸ்" என்றுதான் இருந்தது. பழைய போர்டைக் கேட்டதற்கு, "அது நாங்க எடுத்துக்குவோம்கா, பில்லுக்குக் கீழ போட்டிருக்கு" என்றார். பொடி எழுத்தில் போட்டிருந்தது உண்மைதான்.

லேப்டாப் வேலை செய்தது. ஆனால் இழுத்தது. ஸூமும் பத்துப் பன்னிரண்டு குரோம் பக்கங்களும் ஒன்றாகத் திறந்தால் மவுஸ் நகரவே யோசித்தது. விண்டோஸில் இருக்கும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பக்கத்தைப் பார்த்தேன். 16 இருக்க வேண்டிய இடத்தில் 8 ஜிபி. கீழே, ரேம் செருகும் இரண்டு ஸ்லாட்டில் ஒன்றுதான் பயன்பாட்டில் இருப்பதாகக் காட்டியது.

எங்கள் புளோக்கில் ஒரு அண்ணன் இருக்கிறார். அலுவலகக் கணினிகளைப் பராமரிப்பதே அவர் தொழில். அவரிடம் அந்தப் பழைய வீடியோவைக் காட்டினேன். லேப்டாப்பைத் தொடக்கூட இல்லை, வீடியோவைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார். "ஆரஞ்சு ரெண்டு, வெள்ளை மூணு. ரேம் கிடைக்கலைன்னு அதுவே சொல்லுதும்மா. இதுக்கா போர்டு மாத்தினாங்க?"

இதை நான் அவர் வாய்வார்த்தையாக மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. டெல் தன் கையேட்டிலேயே இந்தச் சிமிட்டல்களுக்கு அட்டவணை கொடுத்திருக்கிறது. இரண்டு-மூன்று என்றால் மெமரி கண்டுபிடிக்கப்படவில்லை. இரண்டு-நான்கு என்றால் மெமரி பழுது. இரண்டு-ஏழு திரைக் கோளாறு. மூன்று-ஒன்று உள்ளே இருக்கும் காசு வடிவ பேட்டரி. எந்தப் பாகத்தில் சந்தேகம் என்று லேப்டாப்பே சொல்லிக்கொண்டிருக்கிறது. அதைத்தான் அந்தத் தம்பி பார்க்க மறுத்தார்.

சரி, சிமிட்டல் ரேமைக் காட்டினாலும் கோளாறு போர்டில் இருக்கும் ஸ்லாட்டில் இருக்கலாம் அல்லவா? அதையும் கேட்டேன். அண்ணன் அடிமூடியைக் கழற்றினார். ஒரு ஸ்லாட் காலியாகக் கிடந்தது. தன்னிடம் இருந்த வேறொரு 8 ஜிபி ரேமை அந்தக் காலி ஸ்லாட்டில் செருகினார். லேப்டாப் எழுந்தது, 16 ஜிபி காட்டியது. பிறகு எஃப்12 அழுத்தி டெல்லின் சோதனையை முழுதாக ஓடவிட்டார். ஒரு குறையும் வரவில்லை. ஸ்லாட் நன்றாக இருக்கிறது, போர்டும் நன்றாக இருக்கிறது. நான் பின்னால் வாங்கிப் போட்ட ரேம்தான் கெட்டிருக்கிறது. கடையில் செய்தது அதை உருவியது ஒன்றுதான். அடிமூடித் திருகுகளைக் கழற்றி மாட்டும் நேரம்தான் அந்த வேலைக்கு ஆகும்.

"போர்டை மாற்றிவிட்டு ரேமையும் எடுத்திருக்கலாமே" என்று கடையில் பின்னால் ஒரு வாதம் வரும் என்று அண்ணன் முன்கூட்டியே சொன்னார். அப்படியே வந்தது. அதனால் போர்டு மாறவில்லை என்பதற்கு அவர் காட்டிய இரண்டு சான்றுகளை விவரமாகவே எழுதுகிறேன். உங்களுக்கும் உதவும்.

ஒன்று, விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கர். என் வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டது. அந்தப் பூட்டின் சாவி மதர்போர்டோடு இணைந்த டிபிஎம் பாதுகாப்புச் சில்லில் இருக்கிறது. போர்டை மாற்றினால் அந்தச் சில்லும் மாறிவிடும். அடுத்த தடவை லேப்டாப்பைத் திறக்கும்போது நீலத் திரை வந்து 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி என் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறது, கடைக்காரரிடம் இல்லை. போர்டு மாற்றியதாகச் சொன்ன பிறகு ஒருமுறைகூட அந்தத் திரை வரவில்லை. பூட்டும் நீக்கப்படவில்லை, இன்றும் அப்படியே இருக்கிறது.

இன்னொன்று, கம்பி வழி இணையத்துக்கான மேக் எண், அதாவது நெட்வொர்க் சில்லின் தனி அடையாள எண். இந்த மாடலில் அந்த நெட்வொர்க் சில்லு போர்டிலேயே பதிந்திருப்பது. வகுப்புக்காக நான் எப்போதும் கேபிள் போட்டுத்தான் இணைப்பேன். வீட்டு ரவுட்டரில் முன்பே பதிவாகியிருந்த எண்ணும் இப்போது லேப்டாப் காட்டும் எண்ணும் ஒன்றே. இரண்டையும் படமெடுத்து வைத்திருக்கிறேன். டெல்லின் லேப்டாப் அடையாள எண்ணான சர்வீஸ் டேக் ஒன்றாக இருப்பதை மட்டும் வைத்துப் பேசாதீர்கள். புதுப் போர்டிலும் பழைய டேக்கைத் தொழில்நுட்பர் பதிய முடியும்.

இதையெல்லாம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். தம்பி உள்ளே போய்விட்டார். முதலாளி வந்தார். "நாங்கள் போர்டை மாற்றியதாகச் சொல்லவில்லை, சர்வீஸ் என்றுதான் பில் போட்டிருக்கிறோம்" என்றார். வாட்ஸ்அப்பைக் காட்டினேன். "அது பையன் தெரியாமல் அனுப்பியது." அப்படியானால் 420 வெள்ளிக்கு என்ன சர்வீஸ் செய்தீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. எடுத்த ரேம் எங்கே என்றேன். அதற்கும் பதில் இல்லை. பணம் போனதைவிட, வயிறெரிந்து நிற்கும் ஒருவரின் முன்னால் அவர் கால்குலேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்ததுதான் எனக்கு ஆறவில்லை.

இங்கே சட்டம் நம் பக்கம் இருக்கிறது. பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாயமான வர்த்தகம்) சட்டம் 2004 முதல் நடப்பில் உள்ளது. எவையெல்லாம் நியாயமற்ற நடைமுறை என்று அதன் இரண்டாம் அட்டவணை வரிசையாகச் சொல்கிறது. தேவையில்லாத பழுதுபார்ப்பைத் தேவை என்று சொல்வது அதில் உண்டு. மாற்றாத பாகத்தை மாற்றியதாகச் சொல்வது உண்டு. முக்கியமான விஷயத்தைப் பொடி எழுத்தில் மறைப்பதும் உண்டு. படித்தபோது, என் கதையைப் பார்த்து எழுதியது போலவே இருந்தது. பலரும் 2012இல் வந்த 'லெமன்' சட்டத்தைச் சொல்வார்கள். அது வாங்கிய பொருளில் குறை இருந்தால் உதவுவது. செய்யாத வேலைக்குப் பணம் வாங்கியதற்கு மேலே சொன்னதுதான் பொருந்துகிறது.

முதலில் பயனீட்டாளர் சங்கமான 'கேஸ்' வழியாகப் புகார் கொடுத்தேன். கடை பாதிப் பணம் தருவதாகச் சொன்னது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போயிருக்கிறேன். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே விசாரிக்கிறார்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை, வைக்கவும் முடியாது. இணையத்திலேயே பதியலாம். என்னுடையதைப் போன்ற சின்னக் கோரிக்கைக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். அலைய வேண்டியிருக்குமே என்று பயந்து விட்டுவிடுகிறவர்களை நம்பித்தான் இப்படிப்பட்ட கடைகள் ஓடுகின்றன.

கடைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே பார்க்கக்கூடியவை சில உண்டு. விளக்குச் சிமிட்டலை வீடியோ எடுங்கள். லெனோவோவின் திங்க்பேட் என்றால் பீப் ஒலியைக் கேளுங்கள். எச்பியிலும் விளக்குச் சிமிட்டல் உண்டு. மாடல் பெயரோடு சேர்த்துத் தேடினால் அர்த்தம் கிடைத்துவிடும். திரை கறுப்பாக இருந்தால் எச்டிஎம்ஐ கேபிளால் டிவியோடு இணைத்துப் பாருங்கள். டிவியில் படம் வந்தால் கோளாறு திரையிலோ அதன் கேபிளிலோதான் இருக்க வாய்ப்பு அதிகம், போர்டு கதையை நம்பாதீர்கள். டெல்லில் டி எழுத்தை அழுத்திக்கொண்டே பவரைப் போட்டால் திரை தன்னைத்தானே நிறம் மாற்றிச் சோதித்துக்கொள்ளும். டெல்லின் உருண்டைப் பின் சார்ஜரில் நடுவில் ஒரு ஊசி இருக்கும். அது வளைந்தாலோ உடைந்தாலோ லேப்டாப் சார்ஜரை அடையாளம் காணாது, சார்ஜ் ஏறாது, வேகமும் குறைந்துவிடும். அதற்கும் போர்டுதான் காரணம் என்று சொல்லக்கூடும். வேறு சார்ஜர் ஒன்றை யாரிடமாவது வாங்கிப் போட்டுப் பாருங்கள். ஆனால் டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்தால் மட்டும் எதையும் சோதிக்க வேண்டாம். பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு நேராக ஆள் பார்க்கக் கொடுங்கள்.

கொடுக்கும்போது ரேம் எவ்வளவு, எஸ்எஸ்டி (சேமிப்பு வட்டு) எவ்வளவு, அதன் வரிசை எண் என்ன என்று அவர்கள் தாளிலேயே எழுதி வாங்குங்கள். எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழையதைத் திருப்பித் தர வேண்டும் என்பதையும் அதே தாளில், அதே நேரத்தில் எழுதச் சொல்லுங்கள். போர்டு போய்விட்டது என்று போன் வந்தால், "நான் நேரில் வருகிறேன், வேறு ரேம் போட்டு என் கண்ணெதிரே காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். நேர்மையான கடைக்காரர் காட்டுவார். பிறகு அண்ணன் தனக்குத் தெரிந்த கடை ஒன்றுக்கு அழைத்துப் போனார். அங்கே இருந்த பெரியவர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு ரேமாக எடுத்துப் போட்டுக் காட்டிவிட்டுத்தான் விலையே பேசினார்.

நடுவர் மன்றத்தில் முதல் சந்திப்புக்குத் தேதி வந்துவிட்டது. 480 வெள்ளியையும் முழுதாகக் கேட்டிருக்கிறேன். எடுத்த ரேமையும் கேட்டிருக்கிறேன். கெட்டுப்போனதாகவே இருக்கட்டும், அது என் பொருள். யீஷூன் பக்கம் "மதர்போர்டு சர்வீஸ்" என்று பில் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் அந்தப் பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இன்றைக்கே டாஸ்க் மேனேஜரைத் திறந்து உங்கள் ரேம் எவ்வளவு என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.