டொமைன் ஆருடைய பெயரில் இருக்கிறது? மூன்று பெயரைப் பாவித்த அனுபவம்

மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் கனடா, லண்டன் பக்கம் அனுப்புகிற எங்கள் சுன்னாகத்துக் கடைக்கு டொட் கொம், டொட் எல்கே, டொட் இலங்கை என்று மூன்று டொமைனும், அதாவது இணையத்தள முகவரிப் பெயரும், இருக்கின்றன. வருடக்கணக்காகப் பாவித்தபின் சொல்கிறேன்: எதை வாங்குவது என்பது சின்னக் கேள்வி. ஆருடைய பெயரில் பதிவது என்பதில்தான் எல்லாம் கிடக்கிறது.

டொட் கொம்மை எடுத்துத் தந்தது தளம் செய்த பெடியன். தன் கணக்கில், தன் மின்னஞ்சலில் பதிந்திருந்தான். கெட்ட எண்ணமில்லை, இங்கே கனபேர் அப்படித்தான் செய்கிறார்கள். அவன் பிரான்சுக்குப் போனபின் புதுப்பிக்கச் சொல்லி வந்த அறிவித்தல்களை ஒருவரும் பார்க்கவில்லை. தளம் நின்றது. போனில் கேட்டால், "அண்ணை, காசு கட்டினது நீங்கள்தானே, பிறகென்ன?" என்கிறான். காசு ஆர் கட்டினாலும், பதிவுதாரர் என்று ஆருடைய பெயர் இருக்கிறதோ அவருடைய சொல்தான் செல்லும்.

நல்லகாலம், டொட் கொம் காலாவதியான அன்றைக்கே பறிபோகாது. பதிந்து தந்த நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை தவணை கிடைக்கலாம். அழிக்கப்பட்டபின் 30 நாள் மீட்புக் காலம், அதற்குக் கட்டணம் கூட. பிறகு 5 நாளில் எவரும் எடுக்கலாம். நாங்கள் தவணைக்குள்ளேயே பிடித்து, எங்கள் கணக்குக்கு மாற்றிக்கொண்டோம்.

டொட் எல்கேயில் சொல்ல அதிகமில்லை. எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரியில் ரூபாயிலேயே கட்டலாம், தொல்லை இல்லை. 2010இல் வந்த டொட் இலங்கை பாக்கெட்டில் அச்சடிக்க வடிவாக இருக்கும். ஆனால் உள்ளே அது எக்ஸ்என் என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவைதான். வாட்ஸ்அப்பில் சிலவேளை அப்படியே தெரியும். ரொறன்ரோ மாமி ஒருவர் ஏதோ ஏமாற்று வேலை என்று பயந்துவிட்டார்.

இப்போதைய தலையிடி வேறு. எங்கள் பெயருக்கு நடுவில் ஒரு கோடு போட்டு ஆரோ ஒரு டொட் கொம் எடுத்திருக்கிறார்கள். இதற்கு, உலகம் முழுக்க டொமைன் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பின் யூடிஆர்பி என்ற பிணக்குத் தீர்க்கும் முறை 1999இலிருந்து இருக்கிறது. மூன்றையும் நிறுவவேண்டும்: அந்தப் பெயர் நம் வியாபாரக் குறியோடு குழம்பும், எடுத்தவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட நோக்கத்தோடு பதிந்து பாவிக்கிறார். உலக புலமைச் சொத்து அமைப்பான வைப்போவின் நடுவர் மையத்தில், ஒரு நடுவர் போதுமென்றால், கட்டணம் 1,500 டொலர். வென்றாலும் பெயர் கைமாறும் அல்லது ரத்தாகும், நட்டஈடு கிடையாது. எங்கள் மிளகாய்த்தூள் லாபத்துக்கு அது பெரிய காசு.

முறைப்பாட்டுக்குத் தேவையான அந்த வியாபாரக் குறியைப் பதிவது கொழும்பில், தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில். 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கச் சட்டப்படி 10 வருடப் பாதுகாப்பு, பிறகு புதுப்பிக்கலாம். வெறும் 'யாழ்ப்பாண ஒடியல் மா' என்றால் தரமாட்டார்கள். ஊரும் பொருளும் எல்லாருக்கும் பொது. நல்லவேளை, எங்கள் கடைக்கு அப்பப்பா வைத்தது ஒரு வித்தியாசமான பெயர்.

விண்ணப்பம் போட்டாச்சு. ஆனால் கோடு போட்டவர் பெயரைப் பதிந்தபிறகுதான் நமக்கு உரிமை வந்தது என்றால் முறைப்பாடு பெரும்பாலும் எடுபடாது. பதியாத குறி என்றாலும் நீண்டகாலப் பாவனையைக் காட்டி வாதாடலாம் என்கிறார் சட்டத்தரணி. அதனால் பழைய லேபிள், பில் புத்தகம், பார்சல் துண்டு எல்லாம் தேடி எடுத்துத் திகதிவாரியாக ஃபைலில் போட்டுக்கொண்டிருக்கிறோம்.