டொல்பின் வேனில் மலையகம்: நீண்டகாலம் ஓட்டிப் பார்த்த அனுபவம்

டொயோட்டா ஹயஸ் எல்எச் 113ஐ நம் ஊரில் டொல்பின் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். பின் ஆசனங்களைக் கழற்றிவிட்டுக் கட்டில், சமையல் மேசை, தண்ணீர்க் கேன், இரண்டாவது பெட்டரி, காஸ் சிலிண்டர் எல்லாம் ஏற்றி, நுவரெலியா, ஹட்டன், எல்ல, ஹப்புத்தளைப் பக்கம் மழை வெயில் பாராமல் ஓட்டியதில் தெரிந்துகொண்டவை இவை.

எஞ்சின் 3எல் டீசல், 2.8 லீட்டர், டர்போ கிடையாது. ஏற்றத்தில் மெதுவாகத்தான் போகும். பின்னால் வரும் பஸ்ஸுக்கும் கொழுந்து லொறிக்கும் ஓரம் கொடுத்துவிட்டால் ஒரு குறையும் இல்லை. இந்த வேனுக்கு மலையகத்தில் உண்மையான சோதனை இறக்கம்தான். எங்கே நிறுத்தி அருவி பார்ப்பது என்பதைக்கூட பிரேக்கைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். கம்பளை 500 மீட்டருக்கும் கீழே. லபுக்கலை, இறம்பொடை, புசல்லாவ வழியாக ஏ5 வீதியில் இறங்கும்போது அந்த உயரம் முழுவதும் வெப்பமாக மாறி எங்காவது போயாக வேண்டும். எஞ்சின் அதில் பங்கு எடுக்காவிட்டால் முழுவதும் பிரேக்கின் தலையில்தான் விழும். ஏறும் கியரிலேயே இறங்கு என்று பழைய சாரதிமார் சொல்வது இதனால்தான். இறம்பொடை வளைவுகளில் இரண்டாம் கியர், கொஞ்சம் நேரான இடத்தில் மூன்றாம் கியர். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வராமல், ஒருமுறை அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை முழுவதும் எடுத்துவிடுங்கள்.

பிரேக் விட்டுப்போவது இரண்டு வகை. பெடல் கல் மாதிரி இருக்கிறது, ஆனால் வேன் நிற்கவில்லை, கருகிய நாற்றம் வருகிறது என்றால் லைனிங் (டிரம்மில் உரசி வேகத்தைக் குறைக்கும் பட்டை) சூடேறிப் பிடிமானம் இழந்திருக்கிறது. அரை மணிநேரம் ஆறவிட்டால் பெரும்பாலும் மீண்டுவிடும்; ஆனால் லைனிங்கின் மேல் கண்ணாடி மாதிரிப் பளபளப்பு ஏறியிருந்தால் மாற்ற வேண்டும். பெடல் பஞ்சு மாதிரி அடிவரை இறங்குகிறது என்றால் பிரேக் எண்ணெய் கொதித்து ஆவியாகியிருக்கிறது. இதுதான் உயிருக்கு ஆபத்து. பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டொட் 3, டொட் 4 என்பவை பிரேக் எண்ணெயின் தர வகைகள். புது டொட் 3 எண்ணெய் 205 பாகைக்குக் கீழே கொதிக்கக்கூடாது என்பது தர அளவு. ஈரம் ஏறியதற்கு அந்த அளவு 140தான். டொட் 4க்கு 230, 155. மூடுபனியிலேயே கிடக்கும் வேனுக்கு டொட் 4 ஊற்றி, வருடத்துக்கு ஒருமுறை முழுவதையும் மாற்றுவது நல்லது.

எண்ணெய் மாற்றும்போது, பெடலை மிதித்தால் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமாக இருக்கும் சக்கரத்தில் தொடங்குங்கள்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சக்கரத்துக்குப் பின்னால் எண்ணெய் வெளியேறும் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து மூட வேண்டும். நிப்பிளை மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும், இல்லையென்றால் காற்று உள்ளே போய்விடும். பின்பக்கச் சுமைக்கேற்ப விசையை மாற்றும் வால்வில் நிப்பிள் இருந்தால் அதையும் விட்டுவிடாதீர்கள். பல கராஜ்களில் அதைத் தொடுவதே இல்லை.

இனி அருவிக்கு வருவோம். இறங்கும் வழியில் இறம்பொடை நீர்வீழ்ச்சி, எல்லயிலிருந்து வெல்லவாய இறங்கும்போது இராவணா எல்ல, இரண்டும் பிரேக் ஆறுவதற்கென்றே அமைந்த மாதிரி இடங்கள். கமரா எடுப்பதற்கு முன் நான்கு சக்கரங்களையும் சுற்றி வாருங்கள். வீலுக்கு ஓரங்குலம் தள்ளிக் கையைப் பிடித்தாலே சூடு தெரியும். முன்னிரண்டும் ஒரே அளவு, பின்னிரண்டும் ஒரே அளவு இருக்க வேண்டும். பின்னால் ஒன்று மட்டும் கொதித்தால் வீல் சிலிண்டர் இறுகியிருக்கிறது, அல்லது ஹேண்ட் பிரேக் கேபிள் திரும்பவில்லை. தண்ணீர் ஊற்றவே வேண்டாம், டிரம்மில் வெடிப்பு விழும். சூடான டிரம்மில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்தாலும் அது ஆறிச் சுருங்கும்போது இறுகிப்போகும். ரிவர்ஸ் கியரில் போட்டு, சக்கரத்துக்கு மரக்கட்டை கொடுத்து, ஸ்டியரிங்கை மண்மேட்டுப் பக்கம் திருப்பி வையுங்கள். இராவணா எல்லயில் கதவையும் பூட்டுங்கள், குரங்குகள் பாண் பையோடு போய்விடும்.

நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் சுமை ஏற்றிய வேனை இறக்க வேண்டாம். 2023 ஜனவரியில் அங்கே நடந்த விபத்தை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. பிரதான வீதியில் சுற்றிப் போனால் தலவாக்கலைப் பக்கம் செயின்ட் கிளேயர், டெவோன் இரண்டு அருவிகளையும் வீதியோரத்திலிருந்தே பார்க்கலாம்.

ஏற்றத்தில் கவனிக்க வேண்டியது ரேடியேட்டர். கித்துல்கலயிலிருந்து கினிகத்தேனை ஏறும்போது எஞ்சின் சூடு காட்டும் முள் மேலே போனால் ஏசியை நிறுத்தி, உள் ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஓரமாக நிறுத்துங்கள். கூலண்ட் வெளியே கொட்டாதவரை எஞ்சினை உடனே அணைக்காமல் அக்சலரேட்டரை லேசாக மிதித்து நின்ற இடத்திலேயே ஓடவிட வேண்டும். அரை மணிநேரத்துக்கு ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். நுவரெலியா உயரத்தில் வெறும் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதிக்கும். அழுத்தம் பிடிக்காத பழைய மூடி அங்கேதான் காட்டிக்கொடுக்கும். பருப்பு வேகாததற்கும் இதுவே காரணம், பிரஷர் குக்கர் இல்லாமல் போகாதீர்கள்.

டயர் காற்றைப் பற்றிப் பலர் குழம்புகிறார்கள். கொழும்பில் 50 பிஎஸ்ஐ அடித்த டயர் மேலே போனால் வெளிக்காற்றழுத்தம் குறைவதால் அளவுமானியில் ஏறத்தாழ 3 கூடும்; 15 பாகை குளிர்வதால் ஏறத்தாழ அதே 3 குறையும். மேலே போய்க் காற்றை இறக்க வேண்டியதில்லை.

குளிரில் அடுப்பு மந்தமாக எரிந்தால் சிலிண்டர் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். காஸில் இருக்கும் பியூட்டேன் −0.5 பாகையில்தான் கொதிக்கும், ஆகவே விடியற்காலைக் குளிரில் அழுத்தம் விழுந்துவிடும். சிலிண்டரை வெதுவெதுப்பான தண்ணீர்ப் பேசினில் நிறுத்தினால் போதும். குளிர் காய அடுப்பை எரியவிட்டுக் கண்ணாடியை மூடிக்கொண்டு படுப்பது மட்டும் கூடவே கூடாது.

கூரை ஒழுக்கு இந்த வேன்களுக்குத் தீராத நோய். சிலிக்கோன் பூசாதீர்கள், பிறகு அதன்மேல் எதுவும் ஒட்டாது. பழையதைச் சுரண்டி, துருவைத் தேய்த்து, பிரைமர் அடித்து, பொலியூரித்தேன் சீலண்ட் போடுங்கள். அதற்குக் காய்ந்த தகடு வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை வட்டவளை, ஹட்டன் பக்கம் தகடு காயாது. அந்த நேரம் பண்டாரவளை, ஹப்புத்தளைக்கு நகர்ந்தால் வெயிலும் கிடைக்கும், லிப்டன் சீட்டும் பார்க்கலாம். டிசம்பர், ஜனவரியில் ஊவாவில் மழை, மேற்கே வாருங்கள். ராத்திரியில் எதிரெதிர்ப் பக்கம் இரண்டு ஜன்னலை விரலளவு திறந்து வைக்காவிட்டால் மூச்சு ஈரமே மெத்தையை நனைத்துவிடும்.

மலையிலிருந்து வழிந்து வரும் பீலித் தண்ணீர் கழுவக் குளிக்க நல்லது. குடிக்க வேண்டாம். மேலே தேயிலைக்கு மருந்து அடித்திருந்தால் கொதிக்க வைத்தும் அது போகாது. மண் வெட்டிய சரிவின் கீழே இரவில் நிறுத்தாதீர்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைத் தினமும் பாருங்கள். தோட்டத்துக்குள் நிறுத்துவதானால் முதலில் தோட்ட அலுவலகத்தில் கேளுங்கள்.

வேனில் எப்போதும் இருக்க வேண்டியவை: ஃபேன் பெல்ட் ஒரு செட், மேல் கீழ் ரேடியேட்டர் ஹோஸ், நான்கு கிளிப், பின் வீல் சிலிண்டர் ரப்பர் கிட், மூடி திறக்காத அரை லீட்டர் டொட் 4, ஐந்து லீட்டர் கூலண்ட், டியூப்லெஸ் பங்சர் கிட், 12 வோல்ட் பம்ப், ஜாக்குக்குக் கீழே வைக்க ஓரடிப் பலகை, மரக்கட்டை இரண்டு. டைமிங் பெல்ட் 100,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. வாங்கும்போது பதிவு இல்லையென்றால் மலையேறும் முன்பே மாற்றிவிடுங்கள். சாமான்கள் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தாராளம். பிரேக் லைனிங்கை மட்டும் விலை பார்த்து வாங்காதீர்கள்.